அன்றாட வாழ்வும் அளவுகோலின் உடைமையும்: திறன்பேசி வழி நோய்க் கண்காணிப்புப் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

கடந்த பத்தாண்டுக் காலத்தில் மேனாட்டு நரம்பியல் மருத்துவத்திலே புதியதொரு போக்கு வலுப்பெற்று வந்துள்ளது. நோயாளரை அவர் வைத்தியசாலைக்கு வரும் நாளில் மாத்திரம் சோதித்துப் பார்ப்பதோடு அமையாது, அவர் வீட்டிலும் தெருவிலும் வேலைத்தலத்திலும் எவ்வாறு நடக்கிறார், எவ்வாறு நிலைத்து நிற்கிறார், விரல்களை எவ்வாறு இயக்குகிறார், எத்துணை விரைவாக அறிந்து விடையளிக்கிறார் என்பவற்றை அவரது கையிலுள்ள திறன்பேசியைக் கொண்டே நாள்தோறும் அளந்தறிய முயல்வதே அப்போக்காகும். மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் எனப்படும் நரம்பு நோய் இம்முயற்சியின் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று.

இதனை மருத்துவருக்கும் பொறியியலாளருக்கும் மட்டுமே உரிய விடயமென ஒதுக்கிவிடலாம். ஆயின், நோயுற்ற மனிதரின் அன்றாட வாழ்வு எவரால், எம்மொழியில், எவருடைய பயனுக்காகப் பதியப்படுகின்றது என்ற வினா இலக்கிய ஆய்வாளருக்கும் உரியதே. நாட்குறிப்பு என்னும் எழுத்து வடிவம் நீண்டகாலமாகச் செய்துவந்த பணியின் ஒரு பகுதியை இன்று கருவியொன்று ஏற்றுக்கொள்கின்றது. அக்கைமாற்றத்தில் எது பெறப்படுகின்றது, எது இழக்கப்படுகின்றது, பெறப்படுவது யாருடைய உடைமையாகின்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயின் இயல்பு

எம்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் இந்நோயில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகின்றது. மயலின் எனப்படும் அவ்வுறை சிதைந்தவிடத்து நரம்பின் வழியே செல்லும் கணத்தாக்கம் தாமதமடைகின்றது. சிலவேளை முற்றாகத் தடைப்படுகின்றது. சிதைந்த இடங்கள் பின்னர் தழும்பேறி இறுகுகின்றன. தழும்பு விழுந்த இடத்தைப் பொறுத்தே நோயின் குறிகளும் அமையும். ஒருவருக்குக் கண் மங்கும். ஒருவருக்குக் கால் தளரும். இன்னொருவருக்குக் கை நடுங்கும், அல்லது நினைவும் கவனமும் மந்தமாகும். வெளியே எவருக்கும் தெரியாத கடுங்களைப்பு நோயாளருட் பெரும்பாலானோரை வருத்துகின்றது.

பலரில் இந்நோய் திடீரெனத் தாக்கிப் பின் தணிந்து மீண்டும் தாக்கும். சிலரில் தொடக்கம் முதலாகவும், வேறு சிலரிற் பல ஆண்டுகளின் பின்னரும் அது மெல்ல மெல்ல முற்றிச் செல்லும். ஒரே நாளுக்குள்ளும் காலையில் இருந்த நிலை மாலையில் இருப்பதில்லை. உடல் வெப்பம் சிறிது உயர்ந்தாலே குறிகள் தற்காலிகமாக மோசமடையலாம்; உடலை வருத்தி இயங்கிய பின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜேர்மானியக் கண் மருத்துவரான வில்ஹெல்ம் ஊட்ஹோவ் 1890இல் எடுத்துக்காட்டினார். சுருங்கக் கூறின், ஒரு நாளின் ஒரு மணி நேரத்திற் கண்டதை வைத்து ஆறு மாத வாழ்வை மதிப்பிடுவதற்கு எளிதில் இடங்கொடாத நோய் இது.

சர்வதேச எம்.எஸ். சம்மேளனம் 2020இல் வெளியிட்ட கணிப்பின்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். வெப்பமண்டல நாடுகளில் இது ஒப்பீட்டளவில் அரிது. வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிகுதி. ஆண்களைக் காட்டிலும் பெண்கள் ஏறத்தாழ இரு மடங்கினர் பாதிக்கப்படுகின்றனர். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் இது வெளிப்படுகின்றது. தொழிலில் அமர்ந்து, குடும்பப் பொறுப்பை ஏற்கும் பருவம் அது. எனவே இந்நோய் மனிதரின் உழைப்பாற்றலின் மீதே முதலிற் கைவைக்கின்றது எனலாம். அதனை அளப்பது மருத்துவ வினாவாக இருக்கும் அதேவேளையிற் பொருளாதார வினாவாகவும் இருப்பது இதனாலேயாம்.

2. அன்றாடத்தைப் பதிந்தோர்

நோயாளரின் அன்றாடத்தைக் கவனித்துப் பதிந்து வைத்தல் திறன்பேசியோடு தொடங்கியதன்று. இந்நோயின் வரலாற்றிலேயே அதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. அவற்றுள் மூன்று இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கன.

முதலாவது, ஓகஸ்ரஸ் டெஸ்ரே என்பாரின் நாட்குறிப்பு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பேரனாகிய இவர், 1822ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்கொத்லாந்தில் ஒரு மரணச் சடங்கிற் கலந்துகொண்ட பின்னர் தமது கண்பார்வை மங்கியதைக் குறித்து வைத்தார். அது முதலாக இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமது கால்களின் தளர்ச்சி, உணர்வு மரத்தல், மேற்கொண்ட சிகிச்சைகள் ஆகியவற்றை அவர் எழுதிவந்தார். 1848இல் அவர் இறந்தபோது அவரது நோய்க்கு மருத்துவத்திற் பெயரே இருக்கவில்லை. அந்நாட்குறிப்பு 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட பின்னரே, எம்.எஸ். நோயின் மிகப் பழைய தன்கூற்றுப் பதிவுகளுள் ஒன்றென அது இனங்காணப்பட்டது.

இரண்டாவது, எழுதாத ஒருத்தியின் கதை. பாரிஸ் நகரின் சல்பெற்றியேர் வைத்தியசாலையிற் பணியாற்றிய ழான் மார்ட்டின் சார்க்கோ 1868இல் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தார். அவர் 1893இல் இறந்தபோது, அவரிடம் பயின்ற சிக்மண்ட் பிராய்ட் எழுதிய இரங்கற் கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. இளம் மருத்துவராயிருந்த காலத்திற் சார்க்கோ, கை நடுக்கத்தின் காரணமாக வேறெங்கும் வேலை பெறமுடியாத ஒரு பெண்ணைத் தம் வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொண்டார். அவள் உடைத்த பாத்திரங்களால் அவருக்கு ஏற்பட்ட செலவு சிறிதன்று. ஆயினும் அவளை வேலையிலிருந்து நீக்காது தொடர்ந்து அவதானித்தார். அவள் இறந்தபின் பிரேதத்தைச் சோதித்து நோயின் காரணத்தை நிறுவினார். வீட்டில், அன்றாட வேலையின் நடுவே, ஒரு நோயாளரின் கையசைவு நெடுங்காலம் கண்காணிக்கப்பட்டமைக்கு இது ஆரம்பகால உதாரணமாகும். கண்காணித்தவர் எசமானர், கண்காணிக்கப்பட்டவள் பணிப்பெண். உடைந்த பாத்திரங்கள் அவர்களிடையே அளவுகோலாயின. அவளுடைய சொற்கள் அக்கதையில் இல்லை.

மூன்றாவது, பார்பெலியன் என்ற புனைபெயரில் எழுதிய புரூஸ் கமிங்ஸ் என்பவர். பல்கலைக்கழகக் கல்வி பெறாது தம் முயற்சியால் உயிரியல் கற்று, இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் உத்தியோகம் பெற்றவர் இவர். 1915இல் இராணுவ மருத்துவப் பரிசோதனைக்கு அவர் செல்ல நேர்ந்தபோது, அவருடைய மருத்துவர் ஒட்டப்பட்ட கடிதமொன்றைக் கொடுத்தனுப்பினார். பரிசோதகர்கள் அக்கடிதத்திற்கு அவசியமின்றியே அவரை நிராகரித்துவிட்டனர். வீடு திரும்பும் வழியில் அவர் அதனைப் பிரித்து வாசித்தார். தம் உடலில் உள்ள நோயின் பெயரை அன்றே முதன்முதலாக அறிந்தார். தாம் மணந்துகொண்ட பெண்ணுக்குத் திருமணத்திற்கு முன்னரே அச்செய்தி சொல்லப்பட்டிருந்தது என்பதையும் அவர் பின்னரே அறிந்தார். எச்.ஜி. வெல்ஸின் முன்னுரையுடன் 1919இல் அவரது நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

இம்மூன்று பதிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு தனிமனித வேறுபாடு மாத்திரமன்று. அரச குடும்பத்தவருக்குத் தம்மைத் தாமே எழுதிக்கொள்ள ஓய்வும் வசதியும் இருந்தன. பணிப்பெண்ணை மற்றவர் எழுதினார். கீழ் மத்தியதர வர்க்கத்து உத்தியோகத்தர் தம்மைப்பற்றி நாள்தோறும் எழுதினார். ஆயினும் அவரைப் பற்றிய தீர்க்கமான உண்மை ஒட்டப்பட்ட கடிதத்தில் இருந்தது. நோயறிவின் உடைமை வர்க்க உறவுகளின் வழியே பகிரப்படுவதை இவை காட்டுகின்றன. திறன்பேசி பற்றிய ஆய்வு இவ்வுண்மையிலிருந்தே தொடங்கவேண்டும்.

3. மீற்றரில் அளந்த வாழ்வு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நோயை எண்ணால் அளக்கும் முறை உருவாயிற்று. அமெரிக்க நரம்பியல் மருத்துவரான ஜோன் கேர்ட்ஸ்கி 1955இல் ஓர் அளவுகோலை வகுத்தார். அதனை விரித்து 1983இல் வெளியிட்டார். சுழியத்திலிருந்து 10 வரை, அரைப்புள்ளி இடைவெளியில் ஏறிச்செல்லும் இவ்வளவுகோலே உலகெங்கும் பெருவழக்காயிற்று. சுழியம் என்பது நரம்பியற் குறைபாடு எதுவுமின்மை. 10 என்பது இந்நோயால் ஏற்படும் மரணம். துணையின்றி ஏறத்தாழ 500 மீற்றர் நடக்கக்கூடியவர் 4 என்னும் படியில் நிற்கிறார். 100 மீற்றர் நடப்பதற்கு ஊன்றுகோல் தேவைப்படுபவர் 6ஆம் படியினர். 7ஆம் படியிற் சக்கர நாற்காலி வந்துவிடுகின்றது.

இவ்வளவுகோலின் பயனை மறுப்பதற்கில்லை. வெவ்வேறு நாட்டு மருத்துவர்கள் ஒரே மொழியிற் பேசுவதற்கு இது வழிசெய்தது. மருந்துகளை ஒப்பிட்டுச் சோதிக்கவும் உதவியது. எனினும் அதன் குறைபாடுகளும் நன்கறியப்பட்டவை. அளவுகோலின் நடுப்பகுதியும் மேற்பகுதியும் பெரும்பாலும் நடையையே பொறுத்துள்ளன. கைவிரல்களின் தேர்ச்சி, சிந்தனையின் வேகம், களைப்பு ஆகியன அதிற் போதிய இடம் பெறவில்லை. தையற்காரி ஒருத்தியின் விரல்கள் மந்தமாகிவிட்டால் அவளது வாழ்க்கை நிலைகுலைந்துவிடும். ஆனால் 500 மீற்றர் நடக்கக்கூடியவளாக அவள் இருக்கும்வரை அளவுகோல் பெரிதாக அசையாது.

இரண்டாவது குறைபாடு காலம் பற்றியது. நோயாளர் ஆண்டுக்கு ஓரிரு முறையே நரம்பியல் நிபுணரைக் காண்கிறார். அன்றைய நாள் நல்ல நாளாகவும் இருக்கலாம், கெட்ட நாளாகவும் இருக்கலாம். வைத்தியசாலைக்கு வந்த பிரயாணக் களைப்பும் அளவிற் சேரும். கடந்த மாதங்கள் எவ்வாறிருந்தன என்று மருத்துவர் கேட்கிறார். நோயாளர் நினைவிலிருந்து விடையளிக்கிறார். நினைவே நோயின் தாக்கத்துக்கு உட்பட்டிருக்கும்போது அவ்விடையின் நிலை என்ன? இவ்விடைவெளியை நிரப்பும் கருவியாகவே திறன்பேசி முன்வைக்கப்படுகின்றது.

4. திறன்பேசி அளப்பது யாது?

இன்றைய திறன்பேசிகளுட் பெரும்பாலானவற்றில் அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும், திரும்புதலை அளக்கும் கருவியும், செய்மதி வழி இடமறியும் வசதியும், விரல் படும் இடத்தையும் நேரத்தையும் உணரும் தொடுதிரையும் உள்ளன. இவை விளையாட்டுக்கும் வழிகாட்டலுக்குமாக அமைக்கப்பட்டவை. இவற்றையே மருத்துவ அளவீட்டுக்குப் பயன்படுத்துகின்றனர்.

அளவீடு இருவகைப்படும். ஒன்று, நோயாளர் தாமே செய்யும் சோதனை. சுவிற்சர்லாந்தின் றோஷ் மருந்துக் கம்பனி உருவாக்கிய ‘ஃபுளட்லைற்’ என்னும் முறை இதற்குத் தக்க உதாரணமாகும். அதில் நோயாளர் திரையிற் காட்டப்படும் வடிவத்தின்மேல் விரலால் வரைகிறார், திரையில் தோன்றும் தக்காளிகளை இரு விரல்களாற் கிள்ளி நசுக்குகிறார், குறியீடுகளுக்கு உரிய எண்களை விரைந்து தெரிவு செய்கிறார், இடுப்புப் பட்டையிற் பேசியை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நடக்கிறார், நடந்து திரும்புகிறார், அசையாது நிற்கிறார். அன்றைய மனநிலை பற்றிய வினாவுக்கும் விடையளிக்கிறார். வரைந்த கோட்டின் நடுக்கம், திரும்பும் வேகம், நிற்கையில் உடலின் ஆட்டம் ஆகியன எண்களாகின்றன.

மற்றையது, நோயாளர் எதுவுஞ் செய்யாமலே நிகழும் அளவீடு. பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் தம் அலுவலைப் பார்க்கையில் அவரது நடையின் ஒழுங்கும், வீட்டைவிட்டு அவர் எவ்வளவு தூரம் செல்கிறார் என்பதும் பதிவாகின்றன. அம்ஸ்ரடாமில் நடைபெற்ற ஆய்வொன்றிற் பேசியின் விசைப்பலகையே கருவியாயிற்று. நோயாளர் என்ன எழுதினார் என்பது அங்கு நோக்கப்படவில்லை. ஒரு விசையை அழுத்தி விடுவதற்கும் மற்றொரு விசைக்குச் செல்வதற்கும் எடுத்த நேரமே நோக்கப்பட்டது. அந்நேர அளவுகள் கையின் இயக்கத்துடனும் சிந்தனை வேகத்துடனும் தொடர்புடையனவாகக் காணப்பட்டன. எழுத்தின் பொருளை விட்டு அதன் இடைவெளிகளை மாத்திரம் வாசிக்கும் இம்முறை, இலக்கிய ஆய்வாளருக்கு வியப்பையும் ஒருவகை அச்சத்தையும் ஒருங்கே தருவதாகும்.

ஃபுளட்லைற் முறையின் முதல் ஆய்வு பார்சலோனாவிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் 24 வாரங்கள் நடைபெற்றது. எம்.எஸ். நோயாளர் 76 பேரும் நோயற்றோர் 25 பேரும் அதிற் பங்குகொண்டனர். பேசி தந்த அளவுகள் வைத்தியசாலையில் மருத்துவர் எடுத்த அளவுகளுடன் பெரிதும் பொருந்திச் சென்றன. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவுடன் தொடங்கிய ‘றாடார்-சி.என்.எஸ்.’ என்னும் கூட்டாய்வும் இலண்டன் கிங்ஸ் கல்லூரி, யான்சன் மருந்துக் கம்பனி ஆகியவற்றின் தலைமையில், மனச்சோர்வு, வலிப்பு, எம்.எஸ். ஆகிய மூன்றையும் இவ்வாறே ஆராய்ந்தது. 2020இல் கொவிட் பெருந்தொற்றால் ஐரோப்பிய நகரங்கள் முடக்கப்பட்டபோது, பங்குபற்றியோர் வீட்டிற் கழித்த நேரம் கூடியதும் நடை குறைந்ததும் அத்தரவுகளில் உடனடியாகத் தெரிந்தன.

ஆகவே கருவி எதையும் அளப்பதில்லை என்று தட்டிக்கழிப்பது பொருந்தாது. அது அளக்கின்றது, வைத்தியசாலை அறையிற் காணமுடியாத சிலவற்றையும் அளக்கின்றது. தையற்காரியின் விரல்களுக்கு கேர்ட்ஸ்கியின் அளவுகோல் மறுத்த இடத்தைத் தொடுதிரை ஓரளவு வழங்குகின்றது. முற்போக்குச் சிந்தனையாளர் இதனை முதலில் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

5. வெற்று நாட்கள்

எனினும் இவ்வாய்வுகளின் மிக முக்கியமான பெறுபேறு, பதியப்பட்ட நாட்களில் மாத்திரமன்றிப் பதியப்படாத நாட்களிலும் உள்ளது. முதல் ஃபுளட்லைற் ஆய்வில், மருத்துவக் குழுவின் நேரடித் தொடர்பு இருந்த நிலையிலும், செய்யவேண்டிய சோதனைகளில் ஏறத்தாழ 70 சதவீதமே செய்யப்பட்டன. பின்னர் எவரும் தாமாகவே செயலியைப் பெற்றுச் சேரக்கூடிய பரந்த ஆய்வாக அது விரிக்கப்பட்டபோது, சேர்ந்தோரிற் பலர் விரைவிலேயே விலகிவிட்டனர். அமெரிக்காவில் ‘எலிவேற் எம்.எஸ்.’ என்னும் பெயரில் நடந்த ஆய்விலும் இதுவே நேர்ந்தது. 12 வார ஆய்வாகிய அதில் 600க்கு மேற்பட்டோர் தரவு வழங்கினர். ஆயினும் நாட்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை குறைந்தது. தம்முடைய மருத்துவர் வழியாக ஆய்வுக்கு வந்தவர்களோ மற்றையோரினும் நீண்டகாலம் நிலைத்து நின்றனர்.

இவ்விறுதிச் செய்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. கருவி ஒன்றே, செயலியும் ஒன்றே. வேறுபட்டது மனித உறவு. தமது அளவை ஒருவர் பார்ப்பார், அதைப்பற்றித் தம்முடன் பேசுவார் என்று எதிர்பார்க்க இடமுள்ள நோயாளர் தொடர்ந்து அளக்கின்றார். அளவு எங்கோ சென்று மறைகின்றது என்னும்போது அவர் நிறுத்திவிடுகின்றார். வாசிப்பாரற்ற நாட்குறிப்பை நீண்டகாலம் எழுதுவோர் அரியர். வாசிப்பவர் யாரென்று அறியாத நாட்குறிப்பை எழுதுவோர் அவரினும் அரியர்.

மேலும், ஒரு நாள் சோதனை செய்யப்படாதிருந்தால் அதன் பொருள் யாது? அன்று எழுந்திருக்கவும் முடியாத களைப்பாக இருக்கலாம். நீண்டகாலத்தின் பின் நோயின் நினைவின்றி நண்பர்களோடு மகிழ்ந்த நாளாகவும் இருக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். இருவேறு முனைகளிலுள்ள வாழ்க்கை நிலைகளும் தரவுத் தொகுதியில் ஒரே வெற்றிடமாகவே தோன்றுகின்றன. நடைத்தூரம் குறைந்தமைக்கும் இது பொருந்தும். கால் தளர்ந்தமையும், மழை பெய்தமையும், வேலை பறிபோனமையும் எண்ணளவில் ஒன்றே. கருவி நிகழ்ச்சியைத் தருகின்றது. அதன் காரணத்தைத் தருவதற்கு நோயாளரின் கூற்று வேண்டும். டெஸ்ரேயின் நாட்குறிப்பு ஒரு நூற்றாண்டின் பின்னரும் மருத்துவருக்குப் பயன்பட்டது, அதில் நிகழ்ச்சியும் சூழ்நிலையும் ஒன்றாக இருந்தமையாலேயே.

6. அளவும் ஆதாயமும்

இனி உடைமை பற்றிய வினாவுக்கு வருவோம். ஃபுளட்லைற் முறையை உருவாக்கிய கம்பனியே, 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்றெலிசுமாப் என்னும் எம்.எஸ். மருந்தையும் விற்பனை செய்கின்றது. எலிவேற் எம்.எஸ். ஆய்வுக்கும் மற்றொரு பெரிய மருந்துக் கம்பனியாகிய நொவாட்டிஸ் நிதியளித்தது. இதிற் சதியேதும் இருப்பதாகக் கூறவேண்டியதில்லை. ஆய்வுகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. ஃபுளட்லைற்றின் பரந்த ஆய்வுத் தரவு ஏனைய ஆய்வாளருக்கும் திறந்துவிடப்பட்டது. பிரச்சினை அமைப்புச் சார்ந்தது. மருந்தொன்றின் பயனைச் சிறு மாற்றங்களிலேயே கண்டறியக்கூடிய நுண்ணிய அளவுகோல், மருந்துச் சோதனையைக் குறைந்த ஆட்களுடனும் குறைந்த காலத்திலும் முடிக்க வழிசெய்யும். அதாவது நோயாளர் தம் நடையாலும் விரலசைவாலும் உருவாக்கும் தரவு, மூலதனத்திற்கு நேரடியான பயன்மதிப்பு உடையது. அதனை உருவாக்குவதற்கு நோயாளர் செலவிடும் நேரமும் முயற்சியும், அவர்தம் சொற்ப சக்தியிலிருந்து எடுக்கப்படுபவை. எனினும் அது உழைப்பென்று எண்ணப்படுவதில்லை.

இரண்டாவது அபாயம் அரசின் பக்கமிருந்து வருவது. பிரித்தானியாவில் 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் இயலாமைக் கொடுப்பனவு முறை மாற்றப்பட்டது. நடமாட்டத்துக்கான உயர்ந்த கொடுப்பனவைப் பெறுவதற்கு முன்னர் நடைமுறையில் 50 மீற்றர் எல்லையாகக் கொள்ளப்பட்டது. புதிய முறையில் அது 20 மீற்றராகக் குறுகியது. எம்.எஸ். நோயாளர் சங்கத்தினர் இவ்விதியை எதிர்த்து நெடுங்காலம் இயக்கம் நடத்தினர். 20 மீற்றருக்கு மேல் ஓரிரு அடி நடந்து காட்டியவர், தாம் வெளியே செல்வதற்குப் பயன்படுத்திய வாகனத்தை இழக்கும் நிலையும் தோன்றியது. கேர்ட்ஸ்கி மருத்துவ நோக்குடன் நடையை மீற்றரில் அளந்தார். அரசு செலவுக் குறைப்பு நோக்குடன் அதே மீற்றரைக் கையிலெடுத்தது.

அவ்விதிகளிலேயே மற்றொரு பிரிவும் உண்டு. ஒரு குறைபாடு பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருத்தல் வேண்டும். ஒரு செயலைப் பாதுகாப்பாகவும், மீண்டும் மீண்டும், நியாயமான நேரத்திலும் செய்ய முடிகிறதா என்பது நோக்கப்படவேண்டும். அரைமணி நேரச் செவ்வியில் ஓர் அதிகாரி இதனை எவ்வாறு அறிவார்? நாள்தோறும் அளக்கும் திறன்பேசி இவ்விடத்தில் நோயாளரின் சாட்சியாகலாம். நூறு நாட்களில் அறுபது நாட்கள் தம்மால் வீட்டைவிட்டு வெளியே செல்ல முடியவில்லை என்று அவர் அதனைக்கொண்டு நிறுவலாம். அதே பேசி அவருக்கு எதிரான சாட்சியுமாகலாம். எஞ்சிய நாற்பது நாட்களை எடுத்துக்காட்டி, நீ நடக்கக்கூடியவனே என்று கூறவும் அது பயன்படலாம். வேலைகொள்வோர் கையிலும் காப்புறுதிக் கம்பனியின் கையிலும் அது சேர்ந்தால் விளைவு எவ்வாறிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகுத்துள்ளது. அது பயனுடைய அரணே. ஆனால் கொடுப்பனவையோ வேலையையோ இழக்கும் நிலையிலுள்ள ஒருவர் அளிக்கும் சம்மதம் எந்த அளவுக்குச் சுதந்திரமானது என்ற கேள்வியைச் சட்டம் மாத்திரம் தீர்த்துவிடாது.

7. பொது மணிக்கூடு

இக்காரணங்களால் திறன்பேசிக் கண்காணிப்பை முற்றாக நிராகரிக்கவேண்டுமா? தொழிலாளர் இயக்க வரலாறு இதற்கு ஒரு விடையைத் தருகின்றது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலைகளில் வேலைநேரத்தை முதலாளியே அளந்தார். காலையிற் சில நிமிடங்களும் உணவு வேளையிற் சில நிமிடங்களும் தொழிலாளரிடமிருந்து களவாடப்பட்டன. கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில், தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளை ஆதாரமாகக் கொண்டு இதனை விளக்கியுள்ளார். 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது. வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் ஆலையின் மணிக்கூட்டால் அன்றி, அருகிலுள்ள புகையிரத நிலைய மணிக்கூடு போன்ற பொது மணிக்கூடு ஒன்றினால் நிர்ணயிக்கப்படவேண்டும் என்பதே அது. இவ்வெற்றி நேரத்தை அளப்பதை ஒழித்ததனால் வந்ததன்று. அளவுகோலை எவரும் பார்த்துச் சரிபிழை காணக்கூடிய இடத்தில் நிறுத்தியதனால் வந்தது.

எம்.எஸ். நோயாளரின் திறன்பேசிக்கும் இவ்வாறான பொது மணிக்கூடு வேண்டும். பேசி பதியும் அளவு முதலில் நோயாளருக்கே, அவர் விளங்கிக்கொள்ளும் மொழியில், காட்டப்படவேண்டும். பார்பெலியனின் ஒட்டப்பட்ட கடிதம் மின்வடிவில் மீண்டும் எழுதப்படலாகாது. எண்ணின் அருகே நோயாளரின் கூற்றுக்கும் இடம் இருத்தல் வேண்டும். வெற்று நாளுக்கான காரணத்தை அவரே குறிக்கவேண்டும். நடையை நோயின் அளவாக மாற்றும் கணிப்பு முறை வர்த்தக இரகசியமாக அன்றிப் பிற ஆய்வாளரின் பரிசீலனைக்கு உரியதாக இருத்தல் வேண்டும். தரவைத் தம் உரிமைக்கான சாட்சியாகப் பயன்படுத்தும் அதிகாரம் நோயாளரிடமும், அதனைப் பிறருக்கு மறுக்கும் அதிகாரம் அவரிடமும் இருத்தல் வேண்டும். இவை தனிமனித விழிப்புணர்வால் மாத்திரம் வருவன அல்ல. 20 மீற்றர் விதிக்கெதிராக அணிதிரண்ட நோயாளர் சங்கங்களைப் போன்ற கூட்டு அமைப்புக்களே இவற்றைப் பெற்றுத்தர வல்லன.

அளவீடு சிகிச்சைக்குப் பதிலாகாது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இந்நோய்க்கான மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாகச் சேர்த்தது 2023இலேயே. கிளாட்றிபீன், கிளற்றிராமர் அசிற்றேற், றிற்றுக்சிமாப் என்பன அம்மூன்றும். மருந்தும் நரம்பியல் நிபுணரும் எட்டாத நாடுகளிலும் இன்று திறன்பேசி எட்டிவிட்டது. அங்கே நோயின் முன்னேற்றத்தை மிக நுணுக்கமாக அளந்துகொண்டு, அதனைத் தடுக்க எதுவுஞ் செய்யாதிருக்கும் நிலை உருவாகுமானால், அது விஞ்ஞானத்தின் வெற்றியாகாது.

சார்க்கோவின் வீட்டிற் பாத்திரம் கழுவிய பெண்ணின் கை நடுங்கியதை மருத்துவ உலகம் அறியும். அவள் அந்நாட்களை எவ்வாறு கழித்தாள், வேலை பறிபோகுமென்று அஞ்சினாளா, எந்நாளில் அவள் கை சற்றே ஓய்ந்திருந்தது என்பவற்றை நாம் அறியோம். எவரும் அவளைக் கேட்டதாகச் செய்தியில்லை. இன்று நடுக்கத்தை ஆயிரம் மடங்கு நுணுக்கமாக அளக்கும் கருவி நோயாளரின் கையிலேயே உள்ளது. அவரைக் கேட்பதற்கான ஏற்பாடும் அதனோடு சேர்ந்து அமையுமா என்பது, அக்கருவியை எந்தச் சமூக உறவுகளின் கீழ் நாம் அனுமதிக்கிறோம் என்பதைப் பொறுத்ததாகும்.